முதல் மான் வேட்டைக்கு எந்தக் கையடக்க ஜிபிஎஸ் வாங்கலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். மிச்சிகனில் நோவை பக்கம் இருக்கிறீர்கள், அலுவலக நண்பர்கள் நவம்பரில் மாநிலத்தின் வடக்கே உள்ள மேல் தீபகற்பத்துக்கு மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், காட்டில் வழி தவறாமல் இருக்க ஒரு ஜிபிஎஸ் வாங்கிக்கொள் என்று அதில் ஒருவர் சொல்லியிருக்கிறார். கடைக்குப் போனால் 150 டாலரில் ஆரம்பித்து 600 டாலர், அதற்கு மேலும் வரிசையாக இருக்கிறது. இதுவரை கையில் திசைகாட்டி கூடப் பிடித்ததில்லை, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பொறுமையாகப் படித்துக்கொள்ளுங்கள். கார்மின் இ-ட்ரெக்ஸ் எஸ்இ வாங்குங்கள். 2023-ல் வெளிவந்தபோது அதன் விலை 150 டாலர். இந்த ஒரு வருடத்தோடு நிறுத்தப்போவதில்லை, வருடா வருடம் போகத்தான் போகிறீர்கள், செலவும் தாங்கும் என்றால் அதே நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 65எஸ், அது 400 டாலர் விலையில் வந்த கருவி. எதை எடுத்தாலும் கூடவே சாதாரணக் காந்தத் திசைகாட்டி ஒன்றும் லித்தியம் டபுள் ஏ பேட்டரி ஒரு பாக்கெட்டும் வாங்கிவிடுங்கள். இதற்கு மேல் விலையுள்ள எதுவும் முதல் வருடத்துக்குத் தேவையில்லை.

சரி, ஏன் என்று பார்ப்போம். கடைக்காரர் உங்களிடம் வரைபடத்தைத்தான் விற்கப் பார்ப்பார், பெரிய திரை, வண்ணம், வானிலை, புகைப்படம் என்று. காட்டில் உங்களுக்கு அந்தக் கருவியிடம் வேண்டியது திரும்பி வரும் வழி. அது மட்டும்தான் அதன் தலையாய வேலை. வண்டி நிறுத்திய இடம், நீங்கள் உட்காரும் இடம், அடிபட்ட மானின் ரத்தத்தைக் கடைசியாகப் பார்த்த இடம், இந்த மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு, கேட்ட நேரத்தில் "இந்தப் பக்கம், இவ்வளவு தூரம்" என்று அது சொன்னால் போதும். அதைக் குளிரில் விறைத்த விரலோடு, கையுறை போட்டுக்கொண்டு, இருட்டில், பதற்றத்தில் நீங்கள் செய்ய முடியுமா என்பதுதான் எந்தக் கருவியையும் அளக்க வேண்டிய அளவுகோல்.

மேல் தீபகற்பத்துக் காட்டைப் பார்த்தால் இது ஏன் என்று புரியும். மிச்சிகனில் துப்பாக்கி மான் பருவம் நவம்பர் 15 முதல் 30 வரை. அந்தச் சமயம் அங்குள்ள மார்க்கெட் (Marquette) என்ற ஊர்ப் பக்கம் சூரியன் ஐந்தேகால் மணிக்கே மறைந்துவிடும், ஆறு மணிக்குக் கும்மிருட்டு. நிலம் பெரும்பாலும் தட்டையாகவோ, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மேடும் பள்ளமுமாகவோ இருக்கும், தூரத்து மலையை வைத்துத் திசை பிடிக்கலாம் என்றால் மரங்கள் மறைத்துவிடும். சீடர் (cedar) என்ற ஊசியிலை மரங்கள் அடர்ந்த சதுப்புகளுக்குள் நுழைந்துவிட்டால் இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது, மான்கள் ஒளிய விரும்புவதும் அங்கேதான். சுப்பீரியர் ஏரியிலிருந்து வரும் மேகம் சூரியனை நாள் கணக்கில் மறைத்து வைக்கும், திடீரென்று பனி கொட்டினால் உங்கள் காலடித் தடம் அரை மணியில் காணாமல் போய்விடும்.

வழி தவறுவது பெரும்பாலும் காலையில் போகும்போது நடப்பதில்லை. மாலை வெளிச்சத்தில் ஒரு மானைச் சுடுகிறீர்கள், அது ஓடுகிறது, ரத்தத் துளிகளைத் தேடித் தலையைக் குனிந்தபடியே போகிறீர்கள், ஒரு துளி, பத்தடி தள்ளி இன்னொரு துளி, அப்புறம் ஒரு ஓடையைத் தாண்டி மூன்றாவது. நிமிர்ந்து பார்க்கும்போது இருட்டிவிட்டிருக்கும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்ற நினைவே இருக்காது. அனுபவசாலிகளுக்கும் நடப்பதுதான். கருவி நாள் முழுக்க ஆன் ஆகி உங்கள் தடத்தைப் பதிந்துகொண்டே இருந்தால் அந்த நேரத்தில் பயமில்லை. பையில் அணைத்துப் போட்டு வைத்திருந்து, தொலைந்த பிறகு எடுத்தால் நீங்கள் நிற்கும் இடத்தை மட்டும் சொல்லும், வந்த தடம் அதில் இருக்காது. ஆகவே நாள் முழுக்க ஓடும் பேட்டரி என்பது முதல் தகுதி.

போன் போதாதா என்று அடுத்து கேட்பீர்கள், நியாயமான கேள்வி. போனில் உள்ள ஜிபிஎஸ்ஸுக்கு செல் சிக்னல் தேவையில்லை, அது செயற்கைக்கோளிடமிருந்து நேரடியாக வாங்கிக்கொள்ளும். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டால், விமானப் பயன்முறையில் போட்டுக்கூட வேலை செய்யும். ஆன்எக்ஸ் ஹன்ட் மாதிரியான செயலியில் நில எல்லையும் சொந்தக்காரர் பெயரும் தெரிவது ஒரு வரப்பிரசாதம், இந்த வசதியில் எந்தக் கையடக்கக் கருவியும் அதற்கு ஈடாகாது. பிரச்சினை குளிர். ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை பயன்படுத்தும்படிதான் ஆப்பிளே சொல்கிறது. நவம்பர் மாதக் காலையில் நீங்கள் பூஜ்ஜியத்துக்கும் கீழான குளிரில்தான் உட்கார்ந்திருப்பீர்கள், 40 சதவீதம் சார்ஜ் காட்டிய போன் வெளியே எடுத்த சில நிமிடங்களில் அணைந்துபோவது அங்கே சாதாரணம். ஈர விரலுக்கும் கையுறைக்கும் தொடுதிரை சரியாகக் கேட்காது. உதவிக்குக் கூப்பிட வேண்டிய ஒரே சாதனத்தையே நாள் முழுக்க வழிகாட்டியாகவும் வைத்து அதன் பேட்டரியைத் தீர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. போன் உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் இருக்கட்டும், எல்லை பார்க்க வேண்டும் என்றால் எடுங்கள், பார்த்துவிட்டு உள்ளே வையுங்கள்.

இப்போது கருவியில் என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். முதலில் பட்டன். தொடுதிரை வேண்டாம். கார்மினின் மொன்டானா மாதிரிப் பெரிய தொடுதிரைக் கருவிகள் கையுறையோடு வேலை செய்யும்படித்தான் செய்யப்பட்டிருக்கின்றன, அதில் பொய் இல்லை, ஆனால் விலையும் எடையும் உங்கள் தேவைக்கு மிக அதிகம், பனித்துளி விழுந்த திரையைத் துடைத்துத் துடைத்துத் தொடுவது எரிச்சல். ஜிபிஎஸ்மேப் வரிசையில் எனக்குப் பிடித்ததே முகப்பில் "மார்க்" என்று தனியாக ஒரு பட்டனும் "ஃபைன்ட்" என்று ஒரு பட்டனும் இருப்பதுதான். ஒன்று இடத்தைக் குறிக்க, இன்னொன்று குறித்த இடத்தைத் தேட. மெனுவுக்குள் போய்த் துழாவ வேண்டியதில்லை, நான்கு தடவை பழகினால் பார்க்காமலே அழுத்தலாம். 65எஸ்ஸுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் இந்த இரண்டு பட்டன்கள்.

அடுத்தது பேட்டரி. கடையில் கிடைக்கும் டபுள் ஏ போடுகிற கருவியாக இருக்கட்டும். உள்ளேயே சார்ஜ் ஆகும் பேட்டரியுள்ள ஜிபிஎஸ்மேப் 67 ஒரு சார்ஜில் 180 மணி நேரம் வரை ஓடும் என்கிறார்கள், அருமையான கருவி, ஆனால் கேபினில் மின்சாரம் இல்லையென்றால், சார்ஜ் போட மறந்தால், காட்டுக்குள் ஒன்றும் செய்ய முடியாது. டபுள் ஏ என்றால் சட்டைப் பையிலிருந்து இரண்டை எடுத்து மாற்றிவிட்டு நடக்கலாம். இ-ட்ரெக்ஸ் எஸ்இ இரண்டு டபுள் ஏ பேட்டரியில் 168 மணி நேரம் வரை ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. குளிரும் திரை வெளிச்சமும் அதைக் குறைக்கும், அப்படியும் ஒரு வாரக் கேம்ப்புக்கு மிச்சம் இருக்கும். 65எஸ்ஸுக்கு 16 மணி நேரம்தான், தினமும் இரவு பேட்டரியைப் பார்த்துவிட்டுத் தூங்க வேண்டும். அல்கலைன் பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். எனர்ஜைசர் லித்தியம் மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும், எடையும் குறைவு. கருவியின் அமைப்புகளில் எந்த வகைப் பேட்டரி போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லும் இடம் இருக்கும், அதை மாற்றாவிட்டால் மிச்சத்தைத் தப்பாகக் காட்டும்.

மூன்றாவது திசைகாட்டி. புதிதாக வாங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜிபிஎஸ் ஒரு இடத்தைத்தான் கணக்கிடுகிறது. நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. சற்று முன் அங்கே இருந்தீர்கள், இப்போது இங்கே இருக்கிறீர்கள், ஆகவே இந்தத் திசையில் போகிறீர்கள் என்று நகர்வை வைத்துத்தான் திசையைச் சொல்லும். நின்றுவிட்டால் அம்பு உறைந்துவிடும் அல்லது கண்டபடி சுற்றும். சதுப்பில் நான்கு அடி எடுத்து வைக்கவே கஷ்டப்படும் இடத்தில், "பத்து கெஜம் நேராக நடந்து பார்" என்பது நல்ல யோசனை இல்லை. மின்னணுத் திசைகாட்டி உள்ளே இருந்தால் நின்ற இடத்திலேயே அம்பு சரியாகத் திரும்பும். இ-ட்ரெக்ஸ் 22எக்ஸில் இது கிடையாது, 32எக்ஸில் உண்டு. ஜிபிஎஸ்மேப் 65-ல் கிடையாது, 65எஸ்ஸில் உண்டு. பெயரில் ஒரு எழுத்து, ஒரு எண் வித்தியாசம்தான், தள்ளுபடியில் கிடைக்கிறது என்று மற்றதை எடுத்துவிடாதீர்கள். மலிவான எஸ்இ-யில் இது இருக்கிறது என்பதுதான் அதை நான் முதலில் சொன்னதற்குக் காரணம்.

அந்த மின்னணுத் திசைகாட்டியும் காந்தம் சார்ந்ததுதான். பேட்டரி மாற்றியதும், வெகுதூரம் பயணம் செய்து வந்ததும் ஒரு தடவை சரிப்படுத்த வேண்டும், திரையில் சொல்கிறபடி கருவியைச் சுற்றினால் முடிந்தது. துப்பாக்கிக் குழலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், பைனாகுலர் பையின் காந்த மூடியும் கெடுக்கும். மேல் தீபகற்பத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. 1844 செப்டம்பரில் வில்லியம் ஆஸ்டின் பர்ட் என்ற நில அளவையாளர் இப்போதைய நிகானி ஊருக்குப் பக்கத்தில் அளந்துகொண்டிருந்தபோது அவர் குழுவின் காந்த ஊசி தாறுமாறாக ஆடியது, ஏன் என்று சுற்றித் தேடிப் பார்த்ததில் இரும்புத் தாது. அப்படித்தான் மார்க்கெட் இரும்பு வளம் வெளியே தெரிய வந்தது. காந்த ஊசியை நம்ப முடியாது என்று சூரியனை வைத்துத் திசை காணும் கருவி ஒன்றை அதற்கு முன்பே கண்டுபிடித்து 1836-ல் காப்புரிமை வாங்கியவர் அவர். உங்கள் நண்பர்களின் கேம்ப் அந்தப் பக்கம் என்றால், ஊசி ஒன்று சொல்லி ஜிபிஎஸ் வேறு சொன்னால், கொஞ்ச தூரம் நடந்து நகர்வை வைத்து ஜிபிஎஸ் காட்டும் திசையை நம்புங்கள். இரும்புத் தாது அதை ஒன்றும் செய்யாது.

அடுத்தது சிக்னல். செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன, வந்து சேரும் சிக்னல் மிக மெலிந்தது. ஈர இலை, பனி ஏறிய ஊசியிலை மரங்கள், உங்கள் உடம்பு எல்லாமே அதைக் குடிக்கும், அடிமரங்களில் பட்டுத் தெறித்து வரும் சிக்னல் கணக்கைக் குழப்பும். திறந்த வெளியில் ஐந்து மீட்டருக்குள் சொல்லும் கருவி அடர்ந்த சீடர் மரங்களுக்குள் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிச் சொல்லலாம். வண்டியைக் கண்டுபிடிக்க இது போதும். கடைசி ரத்தத் துளியைக் கண்டுபிடிக்கப் போதாது, அதற்கு மரத்தில் ஒரு ஆரஞ்சு நாடா கட்டிவிட்டுத்தான் குறிக்க வேண்டும். 65எஸ் இரண்டு அலைவரிசைகளில் கேட்கும், தெறித்து வரும் சிக்னலை ஒதுக்குவதில் அது மேல். அதன் தலையில் துருத்திக்கொண்டிருக்கும் ஆன்டெனா நிமிர்த்திப் பிடித்தால் நன்றாக வாங்கும், இ-ட்ரெக்ஸின் உள்ளே உள்ளது வானத்தைப் பார்த்து மல்லாத்தி வைத்தால் நன்றாக வாங்கும். இரண்டையுமே கால்சட்டைப் பையில் போட்டு நடந்தால் தடம் கோணல் மாணலாகப் பதியும். பையின் தோள்பட்டையில், உயரமாக, கயிறு போட்டு மாட்டுங்கள்.

புதுக் கருவியை முதல் தடவை ஆன் செய்யும்போது திறந்த வெளியில் கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் துல்லியமான இருப்பிடத் தகவலை 30 வினாடிக்கு ஒருமுறை ஒலிபரப்புகிறது, எல்லாச் செயற்கைக்கோள்களின் பொது அட்டவணை முழுதாக இறங்கப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். அது இறங்காமல் நடக்க ஆரம்பித்துவிட்டு "கருவி மோசம்" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வேட்டை நாள் காலையிலும் வண்டியை விட்டு இறங்கியதும் ஆன் செய்து வெளியே வைத்துவிட்டு, மற்ற சாமான்களை எடுங்கள். துல்லியம் சில மீட்டருக்கு வந்ததும் வண்டியைக் குறியுங்கள்.

வரைபடம் பற்றி. எஸ்இ-யில் வரைபடமே கிடையாது, கறுப்பு வெள்ளைத் திரையில் உங்கள் குறிகளும் தடமும் மட்டும்தான். முதலில் இது குறையாகத் தெரியும். 32எக்ஸிலும் 65எஸ்ஸிலும் நிலப்பட வரைபடம் உண்டு, சதுப்பும் ஓடையும் தெரியும், அது உண்மையிலேயே உதவும். நேர்கோட்டில் வண்டி அரை மைல்தான் என்று கருவி சொல்லும்போது, நடுவில் பீவர் என்ற நீர்விலங்கு அணை கட்டித் தேக்கிய குளம் இருக்கிறது என்று வரைபடம்தான் சொல்ல முடியும். ஆனால் இரண்டு அங்குலத் திரையில் ஒரு நாட்டுப்புறத்தையே படிக்கப் பழகாதவருக்கு முதல் வருடம் அது குழப்பம்தான். வரைபடத்தை வீட்டில் பெரிய திரையில் பாருங்கள், மாநில இயற்கை வளத் துறையின் மி-ஹன்ட் பக்கத்தில் எந்த நிலம் வேட்டைக்குத் திறந்தது என்று தெரியும். ஒரு தாளில் அச்சிட்டு நெகிழி உறையில் போட்டுக்கொள்ளுங்கள். மேல் தீபகற்பத்தில் ஒட்டாவா, ஹயவாத்தா என்று இரண்டு பெரிய தேசியக் காடுகள் இருக்கின்றன, அதுபோக வணிகக் காடுத் திட்டத்தில் உள்ள தனியார் நிலங்கள் இருபது லட்சம் ஏக்கருக்கு மேல், அவற்றில் கால்நடையாகப் போய் வேட்டையாடப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு. மற்ற தனியார் நிலத்தில் அடிபட்ட மான் நுழைந்தாலும் சொந்தக்காரர் அனுமதி கேட்காமல் நீங்கள் நுழைய முடியாது. ஆட்கள் இருக்கும் வீட்டிலிருந்து 450 அடிக்குள், அதாவது 137 மீட்டருக்குள், அனுமதியில்லாமல் துப்பாக்கியோடு வேட்டையாடக் கூடாது. திரையில் தெரியும் எல்லைக்கோடு நில அளவையாளர் போட்ட கோடு இல்லை, அதிலிருந்து முப்பது நாற்பது மீட்டர் உள்தள்ளியே இருங்கள்.

வாங்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆல்ஃபா என்று பெயர் போட்டிருந்தால் அது வேட்டை நாயைப் பின்தொடரும் கருவி, உங்களுக்குச் சம்பந்தமில்லை. ரீனோ வரிசை வாக்கி-டாக்கியும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்தது. நண்பர்கள் எல்லோரிடமும் இருந்தால் ஒருவர் இடம் ஒருவருக்குத் தெரியும், நல்லதுதான், ஆனால் அந்த ரேடியோவுக்கு எஃப்சிசி என்ற அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் உரிமம் வாங்க வேண்டும், முதல் வருடத்தில் இத்தனை சுமை எதற்கு. சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் இ-ட்ரெக்ஸ் சோலார் பாலைவனத்துக்குச் சரி, நவம்பர் மேகத்தில் மரத்தடியில் உட்காருபவருக்கு அந்தத் தகடு சும்மாதான் இருக்கும், பேட்டரியையும் மாற்ற முடியாது. பழைய கருவி யாராவது சும்மா கொடுத்தால், தேதி சரியாகக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். ஜிபிஎஸ்ஸின் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்ஜியத்துக்குத் திரும்பும், கடைசியாக 2019 ஏப்ரல் 6 அன்று அப்படித் திரும்பியபோது புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல தப்பான தேதி காட்ட ஆரம்பித்தன. இடம் சரியாக இருந்தாலும் சூரிய உதய, அஸ்தமன நேரம் தப்பாகிவிடும், சட்டப்படி சுடக்கூடிய நேரம் சூரிய அஸ்தமனத்துக்குப் பிறகு அரை மணி வரைதான் என்னும்போது அது சின்ன விஷயம் இல்லை. இன்னொன்று, விஸ்கான்சினை ஒட்டிய கோஜீபிக், அயர்ன், டிக்கின்சன், மெனாமினி ஆகிய நான்கு கவுண்டிகளில் கடிகாரம் நோவையை விட ஒரு மணி நேரம் பின்னால். கேம்ப் எந்தக் கவுண்டி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்தில் உதவி கேட்கும் செயற்கைக்கோள் கருவி பற்றியும் யோசியுங்கள். அங்கே பல இடங்களில் செல் சிக்னல் கிடையாது. உங்களிடம் ஐபோன் 14 அல்லது அதற்குப் பிந்தியது இருந்தால் செயற்கைக்கோள் வழி அவசர உதவி அதிலேயே உண்டு, முதல் வருடத்துக்கு அது போதும். வானம் தெரியும் இடத்துக்கு வந்துதான் அனுப்ப வேண்டும், வீட்டில் இருக்கும்போதே அதன் மாதிரி ஓட்டத்தைப் பார்த்து வையுங்கள். தனியாகப் போகும் பழக்கம் வந்துவிட்டால் இன்ரீச் மினி 2 நல்லது, 100 கிராம்தான், இரிடியம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போகும், சந்தா கட்ட வேண்டும். ஆனால் இதை வாங்கினால் ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டு எடுத்துப் போய்விடாதீர்கள். இந்தியாவில் அனுமதியில்லாமல் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே வெளிநாட்டுப் பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மில் பலர் எச்-1பி விசாவில் இருப்பவர்கள். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் தடை செய்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. ஆகவே "துப்பாக்கியை நான் தருகிறேன், உரிமம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நண்பர் சொன்னால் கேட்காதீர்கள், உரிமம் முதலில். 1960 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், அது இல்லாவிட்டால் அனுபவமுள்ளவர் கூடவே இருக்கும் பயிலுநர் உரிமம் எடுக்கலாம். பச்சை அட்டை விண்ணப்பம் நடந்துகொண்டிருந்தால் ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டுவிடுங்கள்.

கருவி கைக்கு வந்ததும் ஒரு மாலை உட்கார்ந்து நான்கு விஷயங்களைச் சரிசெய்யுங்கள். தடப்பதிவு எப்போதும் ஆனில் இருக்கட்டும். வரைபட அடிப்படை (map datum, இடத்தின் எண்களைக் கணக்கிடும் முறை) டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கிறதா பாருங்கள். வடக்கு என்பது காந்த வடக்கு என்று வையுங்கள், அப்போதுதான் கருவி சொல்லும் டிகிரியும் கையில் உள்ள காந்தத் திசைகாட்டியின் டிகிரியும் ஒத்துப்போகும். ஐந்து டிகிரி பிசகினாலே ஒரு மைல் நடப்பதற்குள் 140 மீட்டர் விலகிவிடுவீர்கள், அந்தக் காட்டில் அது வண்டியைத் தவறவிடப் போதுமான தூரம். கடைசியாக ஆயத்தொலைவு வடிவம், அதாவது இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுதும் முறை. கருவிகள் வழக்கமாக டிகிரியும் தசம நிமிடமுமாகக் காட்டும், போன் செயலிகள் தசம டிகிரியில் காட்டும். 46 டிகிரி 30 நிமிடம் என்பது தசமத்தில் 46.5, அதை யாராவது 46.30 என்று எழுதிக்கொண்டால் தேடுபவர்கள் 22 கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தேடுவார்கள். உங்கள் குழுவில் எல்லோரும் ஒரே வடிவம் வைத்துக்கொள்ளுங்கள், அவசர உதவி எண்ணான 911-க்குச் சொல்லும்போது "டிகிரி", "நிமிடம்" என்ற வார்த்தைகளையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அப்புறம் பழகுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே நார்த்வில்லில் மேபரி மாநிலப் பூங்கா இருக்கிறது. வண்டியைக் குறித்துவிட்டு, பாதையை விட்டு விலக அனுமதியுள்ள இடத்தில் மரங்களுக்குள் போங்கள், ஒரு மரத்தைக் குறியுங்கள், இன்னும் கொஞ்ச தூரம் போய்ச் சுற்றிவிட்டு அந்த மரத்துக்கே திரும்பி வாருங்கள். பிறகு வந்த தடத்திலேயே வண்டி வரை திரும்புங்கள், கார்மினில் இதற்கு ட்ராக்பேக் என்று பெயர். நேர்கோட்டில் கூட்டிப்போவதற்கும் வந்த வழியே கூட்டிப்போவதற்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் காலுக்குப் புரியும். இருட்டில் வந்த வழியே திரும்புங்கள், பகலில் நேர்கோடு. ஒரு மாலை இருட்டிய பிறகு வீட்டுக் கொல்லையில் கையுறை போட்டுக்கொண்டு, நெற்றி விளக்கை அணைத்துவிட்டு, குறிப்பதையும் தேடுவதையும் செய்து பாருங்கள். தடுமாறினால் திரும்பவும் செய்யுங்கள்.

காட்டுக்குள் நுழைவதற்கு முன் ஒரு பழக்கம் வேண்டும். சாலை எந்தத் திசையில் எவ்வளவு நீளத்துக்கு ஓடுகிறது என்று தாள் வரைபடத்தில் பார்த்து மனதில் வையுங்கள். "சாலை தெற்கே கிழக்கு மேற்காக ஓடுகிறது, எது நடந்தாலும் தெற்கே நடந்தால் சாலை வரும்" என்ற ஒரு வாக்கியம் தெரிந்தால், ஜிபிஎஸ் தண்ணீரில் விழுந்து போனாலும் கையில் உள்ள காந்தத் திசைகாட்டியை வைத்து வெளியே வந்துவிடலாம். அந்த வாக்கியத்தையும், நீங்கள் உட்காரும் இடத்தின் ஆயத்தொலைவையும், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதையும் கேம்ப்பில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசி நேரத்தில் வாங்காமல் செப்டம்பரிலேயே வாங்கிவிட்டால் பழக இரண்டு மாதம் கிடைக்கும், பிடிக்காவிட்டால் மாற்றவும் நேரம் இருக்கும். முடிந்தால் கடையில் கையுறையோடு பிடித்துப் பார்த்து வாங்குங்கள். 65எஸ்ஸா எஸ்இ-யா என்று இன்னும் குழப்பம் இருந்தால், உங்கள் நண்பர்கள் எந்தக் கவுண்டியில், எந்த மாதிரிக் காட்டில் உட்காருகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். சீடர் சதுப்பு என்றால் 65எஸ் என்பேன், ஓக், பீச் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும் மேட்டுநிலம் என்றால் எஸ்இ தாராளமாகப் போதும்.